ஊசியில் தங்காத பேர்

ஒற்றைக் கை ஸ்வெட்டர் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். 1974 கடைசியில், சின்னக்கானலுக்கு மேலே ஆனைக்கல் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கினார். இடது கை முழுக்கப் பச்சைக் கம்பளி. வலது கையில் வெறும் சட்டை, அதற்குள் மயிர்க்கூச்செறிந்த கை. பெயர் சாம்பசிவன், பாலக்காட்டில் கல்பாத்திக்காரர். மலைக்குப் போகிற புருஷனுக்காக பாகீரதி மாமி பின்ன ஆரம்பித்து ஒரு கை முடித்திருக்கிறார். அதற்குள் இவர் பின்னுகிற இரண்டு எஃகு ஊசிகளில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அந்த ஊசி அவருக்கு வேறு வேலைக்கு வேண்டியிருந்தது.

நான் அந்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பெயர் பவுல்ராஜ், சொந்த ஊர் நாசரேத். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், சமயத்தில் நான்தான் பாதிரியார். எனக்கும் சாம்பசிவனுக்கும் குவார்ட்டர்ஸ் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் கருவாடு சுட்டால் அந்தப் பக்கம் அவர் சாம்பிராணி போடுவார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. "ஓய் பவுல்ராஜ், இன்னிக்கு வாசனை கொஞ்சம் ஜாஸ்தியாக்கும்" என்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி வயிற்றெரிச்சலோடு எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கோபம்.

அவர் அதற்குமுன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. மில்லில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வாரம் இவர் அப்பாவின் திவசத்துக்காக முறைப்படி லீவு வாங்கிக் கல்பாத்தியில் இருந்தார். லீவு எங்கேயோ பதியாமல் போய்விட்டது. வேலைநிறுத்தக்காரர் பட்டியலில் இவர் பேரும் ஏறி, வேலை போயிற்று. பழகிய ஒருவர், முன்தேதி போட்டு ஒரு மெடிகல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. "நான் திவசத்துக்குப் போனேன். அதையே எழுதட்டும்" என்று லேபர் கோர்ட்டுக்குப் போனார். கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்த மைத்துனர் கேஸை நடத்தினார். கேஸ் நடந்துகொண்டே இருந்தது, வயிறு காத்துக்கொண்டிருக்குமா? அதனால் எஸ்டேட்டுக்கு வந்தார்.

இங்கே ஆபீஸ் எப்படி இருந்தது என்றால், ஆட்களின் விவரம் எல்லாம் செக்ரோல் என்கிற பெரிய பேரேட்டில் கிடக்கும். யார் யாருக்கு இந்த வருஷம் கம்பளி கொடுக்கவில்லை என்று கேட்டால், குமாஸ்தாக்கள் ஒரு வாரம் பக்கம் புரட்டுவார்கள். தலைமை ஆபீஸில் ஒரு அறை நிறைய மெஷின் உண்டு என்பார்கள். அதற்குத் தனிக் கரெண்டு, தனிக் குளிர், தனி ஆள். அதனிடம் கேள்வி எழுதி அனுப்பினால் பதில் வருவதற்குள் கம்பளிக்காரன் குளிரில் விறைத்துவிடுவான்.

சாம்பசிவன் கொண்டுவந்தது ஒரு மரப்பெட்டி. அதற்குள் தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கெட்டி அட்டைகள், நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளை. மில்லில் பழகிய வித்தை அது. ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு துளைக்கும் ஓர் அர்த்தம்: இது ஆண், இது பெண், இது நிரந்தரம், இது கம்பளி வாங்கியாயிற்று, இது பிரசவ லீவு. ஆம் என்றால் துளையிலிருந்து ஓரம்வரை வெட்டித் திறந்துவிடுவார். இல்லை என்றால் துளை துளையாகவே இருக்கும். எல்லா அட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, வேண்டிய துளையில் பாகீரதி மாமியின் ஊசியைக் கோத்துத் தூக்கினால், வெட்டுப்பட்டவை பொலபொலவென்று விழும். மற்றவை ஊசியில் தொங்கும். விழுந்ததை அள்ளி இன்னொரு துளையில் கோத்தால் இன்னும் சலித்துக் கொடுக்கும். பிறந்த வருஷத்துக்கு மட்டும் இலக்கத்துக்கு நாலு துளை, ஒன்று, இரண்டு, நாலு, ஏழு என்று. ஐந்து வேண்டுமென்றால் நாலையும் ஒன்றையும் வெட்டு, எட்டு வேண்டுமென்றால் ஏழையும் ஒன்றையும். வெட்டுகிற கத்தரி, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிடையரான அவருடைய சித்தப்பா கொடுத்தது.

"மெஷினும் வேண்டாம், கரெண்டும் வேண்டாம். கேக்கத் தெரிஞ்சா போறும், பொட்டி பதில் சொல்லும். மனசிலாச்சோ?" என்றார். எனக்கு மனசிலாகப் பத்து நாள் ஆயிற்று.

அந்த வருஷம் கம்பளி ஒரே காலையில் முடிந்தது. விடுபட்டவர் ஒருவரும் இல்லை, இரண்டு தடவை வாங்கியவரும் இல்லை. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆளெடுக்கிற மைதானத்தில், பெண்கள் அவருக்கு 'ஊசி ஐயர்' என்று பேர் வைத்தார்கள். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தால் "ஊசி சாமி, என் அட்டைய நல்லாப் பாத்து வச்சுக்கிடுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே தலையை ஆட்டுவார். இந்த மலையில் அட்டை என்றால் அதுவரை காலில் ஏறி ரத்தம் குடிப்பதுதான். நல்ல அட்டையும் உண்டு என்று ஜனங்கள் அப்போது நம்பினார்கள்.

ஜூன் மழை பிடித்ததும் பெட்டி மக்கர் பண்ணியது. விழ வேண்டிய அட்டைகளில் பாதி விழவில்லை. மனுஷன் துளைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், தப்பே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் ஓர் அட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மழைக்காற்றில் வைத்த அப்பளம் மாதிரி நமுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பெட்டி தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துகிற அடுப்புக்குப் பக்கத்தில் குடியேறியது.

அங்கே ஈரம் போயிற்று, பூச்சி வந்தது. சூட்டுக்கு வருகிற வெள்ளிப் பூச்சி அட்டை ஓரத்தைத் தின்ன ஆரம்பித்தது. ஓரம் போனால் மூடிய துளையும் திறந்த துளைதானே? ஒருநாள் பிரசவ லீவுக்கு ஊசி போட்டபோது, முறுக்கு மீசைக் கங்காணி நல்லதம்பியின் அட்டை விழுந்தது. எஸ்டேட்டே சிரித்தது. நல்லதம்பி என்னிடம் வந்து, "கம்பவுண்டரே, எனக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாம்பசிவன் மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த துளையில் பசைத்தாள் ஒட்டி மூடினார். அதோடு ஒரு பரிசோதனையும் கண்டுபிடித்தார். ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கவே முடியாத இரண்டு விஷயங்களுக்கு அடுத்தடுத்து ஊசி போடுவது. ஆணும் பிரசவமும், இறந்தவரும் இந்த மாத வேலையும், இப்படி. இரண்டிலும் விழுகிற அட்டை எதுவோ அதில் பூச்சி வாய் வைத்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை இதைச் செய்வார். சரிபார்த்து முடித்த அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். பொய் இல்லாத ஒரு பெட்டியாவது உலகத்தில் இருக்கிறது என்கிற திருப்தியோ என்னவோ.

1976இல் கம்பெனி ஆளைக் குறைக்கச் சொன்னது. அவசரநிலைக் காலம், யூனியன்காரர்கள் வாயில் கொழுக்கட்டை. மானேஜர் சாம்பசிவனைக் கூப்பிட்டு ஐம்பத்தெட்டு வயது தாண்டியவர்களின் அட்டைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தார். எடுத்ததை மானேஜரிடம் கொடுக்கும்முன் வழக்கம்போலப் பரிசோதனை போட்டார். அன்று மத்தியானம் ஒரு கையில் ஓர் அட்டையும் மறு கையில் பசைப் புட்டியுமாக டிஸ்பென்சரிக்குள் வந்தார்.

"ஓய், மறுபடியும் பூச்சியாக்கும். அம்பத்தொம்பது வயசுக் கெழவி பிரசவ லீவுல விழறா. நீர் அனுப்பின பிரசவச் சீட்டைப் பாத்துச் சொல்லும், எந்தத் துளை பொய்?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். ராமுத்தாய், கொழுந்தெடுப்பு, பிறந்த வருஷம் 1917. இரண்டு வெட்டும் கத்தரியால் வெட்டிய சுத்தமான வெட்டு.

"பூச்சி இல்ல ஐயரே. ரெண்டும் நெசம்" என்றேன்.

"ரெண்டும் எப்படி ஓய் நிஜமாகும்?"

"மாசமா இருக்கவ பேரு சீனித்தாய். ராமுத்தாய் அவ மாமியா. செத்து எட்டு வருசம் ஆவுது."

இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் எழுதாத வழக்கம் அது. எஸ்டேட்டில் வேலை ஆளுக்கு இல்லை, பேருக்குத்தான். பிரட்டில் கங்காணி கூப்பிடுவது பேரை, எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடு இருப்பது பேரில். கிழவி சாகிறாள். சாவைச் சொன்னால் பேர் அடிபடும், வீடு போகும். அதனால் மருமகள் மறுநாள் காலை மாமியார் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு களத்தில் போய் நிற்பாள். கங்காணி "ராமுத்தாய்" என்பார், இவள் "ஏன்" என்று குரல் கொடுப்பாள். முடிந்தது. சீனித்தாய் கல்யாணமாகி வந்த வருஷமே ராமுத்தாய் ஆனவள். அவள் புருஷன் தற்காலிக ஆள். மருந்தடிக்கக் கூப்பிட்டால் போவான், இல்லையென்றால் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருப்பான். வீடு நின்றது அந்தச் செத்த பேரில்தான். என் சீட்டிலும் நான் ராமுத்தாய் என்றுதான் எழுதுவேன்.

இதற்கு முடிவும் அந்த வழக்கத்திலேயே உண்டு. பேருக்கு ஐம்பத்தெட்டு வயது ஆனால் பேர் ரிட்டயர் ஆகும். ரிட்டயர் ஆனவரின் வாரிசு ஒருவருக்கு வேலை கொடுப்பது எஸ்டேட் முறை. அப்போது மருமகள் தன் சொந்தப் பேரோடு, தானே தனக்கு வாரிசாக வந்து சேர்ந்துகொள்வாள். பொய்யிலே ஆரம்பித்து உண்மையிலே வந்து சேருகிற வழி. படித்தவர்கள் யாரும் வகுத்துக் கொடுத்த வழி இல்லை.

அதைச் சொன்னேன். "ஒம்ம கைலதான் பசை இருக்கே. பிரசவத் தொளைய ஒரு துண்டுப் பேப்பரு ஒட்டி மூடிரும். கெழவி ரிட்டயர் ஆவட்டும். இவ புள்ளயப் பெத்துட்டு வாரிசா வந்து சேருவா. ஒருத்தருக்கும் நட்டமில்ல."

சாம்பசிவன் பசைப் புட்டியை என் மேஜையில் வைத்தார். "பூச்சி தின்னதை ஒட்டலாம் ஓய். நிஜத்து மேல ஒட்டப்படாது."

"நெசம் சோறு போடுமா?"

"என் கேஸுல என்ன பண்ணினா? ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு எழுதச் சொன்னா. நான் மாட்டேன்னேன். அதுக்காகத்தான் இந்தக் குளிர்ல வந்து கெடக்கேன். இப்ப நானே அதைப் பண்ணணுமா?"

மறுநாள் சீனித்தாய் மாத்திரை வாங்க வந்தபோது அவர் காத்திருந்தார். ஒல்லியான பெண், வயிறு மட்டும் முன்னால் நின்றது. விஷயம் தெரிந்ததும் அவள் பயப்படவில்லை. சிரித்தாள்.

"ஒருவழியா என் மாமியாளுக்கு வயசாச்சா? நல்லதாப் போச்சு சாமி. அவுகள ரிட்டயர் பண்ணி விட்டுருங்க. நான் புள்ளயோட வந்து என் பேர்ல சேந்துக்கிடுதேன்."

"அம்மா, நீ எத்தனை வருஷமாக் கொழுந்து எடுக்கறே?"

"எட்டு வருசமா."

"வாரிசா வந்தாக்க அந்த எட்டு வருஷமும் போயிடும். முதல் நாள்லேந்து தொடங்கணும். அதெல்லாம் உன் கையால எடுத்த கொழுந்தில்லையா? செத்துப்போனவளோட சர்வீஸா அது? உன்னோடதாக்கும். நிஜத்தைச் சொல்லு. உன் பேர்ல அட்டை போட்டு, எட்டு வருஷத்தையும் அதுல ஏத்தித் தரச் சொல்றேன்."

அவள் சிரிப்பு நின்றது. தன் விரல்களைப் பார்த்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள்.

"அம்புட்டும் என் பேருக்கு வருமா சாமி?"

"வரும்" என்றார் சாம்பசிவன்.

நான் குறுக்கே விழுந்தேன். "ஏ புள்ள, ஐயர் பேச்ச நம்பாத. சும்மா இருந்தாப் போதும்" என்றேன். ஆனால் அவள் முகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. எட்டு வருஷமாக யாரும் அவளிடம் அவளுடையது என்று எதையும் காட்டியதில்லை. இவர் காட்டிவிட்டார். அதைவிட ஒரு பெரிய கெடுதல் அந்த நல்ல மனிதரால் செய்திருக்க முடியாது.

இருவருமாக மானேஜரிடம் போனார்கள். கர்ப்பம் உண்மைதானா என்று சொல்ல என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். மானேஜர் கோட்டயம் பக்கத்துக்காரர். சத்தம் போடுகிறவர் இல்லை. சாம்பசிவன் எல்லாவற்றையும் ஒழுங்காக, கோர்ட்டில் சொல்வதுபோலச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சீனித்தாயைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப ராமுத்தாய் மரிச்சுபோயி. சரியா?"

"ஆமாங்க தொரை."

"மரிச்ச ஆளுக்கு ரிட்டயர்மெண்ட் இல்லை. ரிட்டயர் ஆகாத ஆளுக்கு வாரிசும் இல்லை. சீனித்தாய்னு ஒரு ஆளு இந்த எஸ்டேட்டில வேலைக்குச் சேர்ந்ததே இல்லை. பின்ன நான் யாருக்கு எட்டு வருஷம் கொடுக்கும்?"

"சார், இவள்தான் வேலை செஞ்சது. கங்காணியைக் கேளுங்கோ, இந்த மலையே சாட்சி சொல்லும்" என்றார் சாம்பசிவன்.

"சொன்னா கங்காணிக்கும் வேலை போகும்" என்று மானேஜர் அமைதியாகச் சொன்னார். நல்லதம்பி அப்போது வாசலில்தான் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

மானேஜர் சாம்பசிவனிடம் திரும்பினார். "இதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சு?"

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. அந்த நேரத்திலும் அந்த மனுஷன் விளக்கினார். சேர்ந்திருக்க முடியாத இரண்டு துளைகள், அடுத்தடுத்து ஊசி, இரண்டிலும் விழுவது எதுவோ அது. கேட்டால் பதில் சொல்கிற பெட்டியை வைத்துக்கொண்டிருந்தவருக்கு, கேட்பது யார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

"வெரி குட். இதுபோல எல்லாத்தையும் எடு" என்றார் மானேஜர்.

சீனித்தாய் பக்கத்தில்தான் நின்றாள். அவர்கள் பேசியதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. அவள் சாம்பசிவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது எட்டு வருஷத்தை ஏற்றப்போகிறார் என்று.

அவர் எடுக்க மறுத்தார். ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஊசி இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று நினைத்திருப்பார் போல. ஆனால் அந்தப் பெட்டியின் பெருமையே அது யாருக்கும் படியும் என்பதுதானே? ஸ்டோர் குமாஸ்தா சென்னியப்பன் ஒரு பழைய குடைக்கம்பியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சென்னியப்பன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர். யாருக்கும் கெட்டது நினைக்காத ஆள். வயது ஒன்று, பிள்ளைப்பேறு ஒன்று, இப்படி ஜோடி ஜோடியாகக் கம்பி போட்டார். ஏழு அட்டைகள் விழுந்தன. ஏழு வீடு.

சாயங்காலம் என்னிடம் தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர், "நானென்னங்க பண்றது? கம்பி போடச் சொன்னாங்க, போட்டேனுங்க. விழுந்தது அட்டைதானுங்களே, நானுங்களா தள்ளி உட்டேன்?" என்றார். நான் மாத்திரையைக் கொடுத்தேன். அவர் நாலு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

யூனியன் ஆபீஸில், நாடு இருக்கிற இருப்பில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சாம்பசிவன் தலைமை ஆபீஸுக்கு மனு மேல் மனு எழுதினார். பதிலே இல்லை. லயத்து வீடுகளைக் காலி செய்த அன்றைக்கு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீனித்தாய் வீட்டுச் சாமானைத் தூக்கிக் கொடுக்கப் போனார். ஒரு பெண், "ஊசி ஐயர் வந்துட்டாரு, பானையத் தொளச்சிரப் போறாரு, பாத்துக்கிடுங்க" என்றாள். போன வருஷம் அவரை வெட்கப்படவைத்த அதே பேர்தான். யாரும் அவர் கையில் ஒரு சாமானையும் கொடுக்கவில்லை. லாரி போடிமெட்டுப் பக்கம் இறங்கும்வரை ரோட்டிலேயே நின்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவர் அங்கேதான் வேலை பார்த்தார். ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்பவர்கள் கல்பாத்தியில் அவருடைய பெண் வளர்ந்துகொண்டிருந்ததையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெட்டியைத் தொடவே மாட்டார். அது சென்னியப்பன் பொறுப்புக்குப் போய்விட்டது. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை. சாம்பிராணி போடுவதையும் நிறுத்திவிட்டார். என் கருவாட்டு வாசனை தாராளமாக அந்தப் பக்கம் போய் வந்தது.

1978இல் அவருடைய கேஸ் முடிந்தது. ஜெயித்தார். மில் அவரை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், அவர் லீவில் போனது உண்மை, பட்டியல் தப்பு. அதோடு இன்னொன்று: வெளியே இருந்த நாலு வருஷமும் அவர் மில்லில் தொடர்ந்து வேலை செய்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்துக் காட்டும்போது அவர் குரல் உடைந்தது. சந்தோஷத்தில் இல்லை.

"செய்யாத நாலு வருஷத்தை நேக்குத் தூக்கிக் கொடுத்துட்டா ஓய். செஞ்ச எட்டு வருஷம் அவளுக்கு இல்லேன்னுட்டா. நான் சொன்னதும் நிஜம், அவ சொன்னதும் நிஜம். என்ன வித்தியாசம், சொல்லும்."

"ஒமக்கு வக்கீல் மச்சான் இருந்தாரு" என்றேன். என் வாய்க்கு அப்போதாவது பூட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் அதுதான் வித்தியாசம்.

ஊருக்குப் போகுமுன் அவளைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். பூப்பாறைக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி. பஸ்ஸில் போய், ஓடையைத் தாண்டி நடந்தோம். ஏலச்செடிகளுக்கு நடுவே பெண்கள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரக்கிளையில் சேலைத் தொட்டில், அதில் ஒரு குழந்தை தூங்கியது. பக்கத்தில் நின்றவள் அவள்தான். இன்னும் ஒல்லியாகியிருந்தாள்.

சாம்பசிவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். அந்த மரியாதை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சீனித்தாய்" என்று கூப்பிட்டார். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

அவள் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தூரத்தில் நின்ற கங்காணியைப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு பயம். எஸ்டேட்டில் லாரி ஏறிய அன்றுகூட அந்தப் பயத்தை நான் பார்த்ததில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாதீக சாமி. கும்புட்டுக் கேக்கேன். இங்கன நான் குருவம்மா. நெசக் குருவம்மா புருசனோட ஊருக்குப் போயிட்டா, அவ பேர்லதான் நிக்கேன்."

அவள் சாம்பசிவனின் சட்டைப் பையைப் பார்த்தாள், பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கை.

"ஊசி கொண்டாரலியே சாமி?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். அதற்குள் அங்கிருந்து கங்காணி சத்தம் போட்டார்.

"ஏ குருவம்மா, அங்க என்ன பேச்சு?"

"இந்தா வந்துட்டேன்" என்று அவள் போய்விட்டாள்.